தேயும் குரலும் அறும் குரலும்

வானொலியைக் கேட்பதோடு அமையாது, தம் இல்லத்திலேயே ஒரு நிலையம் அமைத்துப் பிற நாட்டாரோடு உரையாடும் அன்பர்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் உளர். ஊதியங் கருதாது இக்கலையில் ஈடுபடுவதால் இவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பர். இவர்கள் கூடுமிடங்களில் இக்காலத்திலே தவறாது எழும் வழக்கொன்று உண்டு. குரலை அனுப்புவதற்குப் பழைய அனலொக் முறை சிறந்ததா, புதிய டிஜிட்டல் முறை சிறந்ததா என்பதே அது. அவ்வழக்கை இவ்வாரம் நாமும் சற்று ஆராய்வோம்.

அனலொக் முறையின் இயல்பு எளிது. பேசுவோன் குரலால் எழும் காற்றதிர்வை ஒலிவாங்கி மின்னதிர்வாக்குகின்றது. அவ்வதிர்வுக்கு ஏற்ப வானொலி அலையும் ஏறி இறங்குகின்றது. எப்.எம். முறையில் அலையின் மீடிறன் மாறும்; எஸ்.எஸ்.பி. எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் குரலின் வடிவமே 3 கிலோஹேட்ஸுக்கும் குறைந்த அகலத்துள் அடங்கிச் செல்லும். எம்முறையாயினும் மறுமுனையிற் கேட்பது பேசியவன் குரலின் சாயலேயாம்.

டிஜிட்டல் முறையிலோ குரல் செல்வதில்லை. குரலைப் பற்றிய குறிப்பே செல்கின்றது. வீட்டைப் பெயர்த்து அனுப்பாது, அதன் வரைபடத்தை அனுப்பி, அதுபோன்ற வீட்டை அங்கே கட்டுவித்தலை இது ஒக்கும். யப்பானிய அமெச்சூர் வானொலிக் கழகம் வகுத்த டி-ஸ்டார் முறையைப் பார்ப்போம். அது ஒரு வினாடிப் பேச்சை 50 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் சுருதி, வலிமை, ஒலியமைப்பு ஆகியவற்றை 0, 1 என்னும் இலக்கங்களாற் குறிக்கின்றது. இதற்கு வினாடிக்கு 2,400 இலக்கங்கள் போதும். சாதாரண டிஜிட்டல் தொலைபேசி இணைப்போ 64,000 இலக்கங்களைக் கொள்வது. வழியிற் சிதையும் இலக்கங்களைத் திருத்த மேலும் 1,200 இலக்கங்கள் காவலாகச் சேர்கின்றன.

இதனால் விளையும் நன்மைகள் சிலவல்ல. இரைச்சல் கேளாது. அழைப்புக் குறியையும் இருப்பிடத்தையும் குரலோடு சேர்த்து அனுப்பலாம். அலைவெளியிலும் சிக்கனம் உண்டு, டி.எம்.ஆர். என்னும் முறையில் 12.5 கிலோஹேட்ஸ் அகலத்துள் இரு உரையாடல்கள் மாறி மாறி நடைபெறுகின்றன.

ஆயின், அலை நலியும்போது நிகழ்வது யாது? இவ்விடத்தேதான் இரு முறைகளின் குணமும் வெளிப்படுகின்றது. அமெச்சூர் வானொலியாளர் குரலின் தெளிவை 5 முதல் 1 வரை அளவிட்டு ஒருவருக்கொருவர் அறிவிப்பது வழக்கம். அனலொக் குரல் இப்படிகளில் ஒவ்வொன்றாக இறங்கும். இரைச்சல் மிகுவதைக் கேட்டவுடனே பேசுவோர் மெதுவாகப் பேசுவர், எழுத்துக்களை 'அல்பா, பிறாவோ' எனச் சொல்லால் விளக்குவர், அன்ரெனாவைத் திருப்புவர். பாதிச் சொல் கேட்பினும் மீதியைக் காதும் மனமும் ஊகித்து நிரப்பும். டிஜிட்டல் குரலோ காவல் இலக்கங்கள் தாங்கும்வரை தெளிவாக நிற்கும். அவை தாங்காத கணத்தில் ஓரிரு உடைந்த ஒலிகளோடு அற்றுப்போகும். முன்னது தேய்பிறை, பின்னது அணைந்த விளக்கு.

வேடிக்கைப் பேச்சில் இவ்வேறுபாடு பெரிதன்று. உயிர் காக்கும் செய்தியில் அது பெரிது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபின், அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்குமிடையே செய்தி கடத்தியவர்களுள் இலங்கை அமெச்சூர் வானொலியாளரும் இருந்தனர். அந்தமானின் போட் பிளேயரில் அப்பொழுது தற்செயலாக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழுவினர், தீவிலிருந்தோரின் நலச் செய்திகளை இந்தியாவுக்கு அனுப்பினர். இத்தகைய வேளையிலே ஒரு பெயரோ ஓர் எண்ணோ அரைகுறையாகக் கேட்பினும் திரும்பக் கேட்டு அறியலாம். முற்றாக அற்ற குரலிடம் எதனைக் கேட்பது?

இன்னுமொன்று. டி-ஸ்டார் கருவி டி.எம்.ஆர். கருவியின் மொழியை அறியாது. இரண்டிற்குமிடையே மொழிபெயர்க்கும் ஏற்பாடு வேண்டும். எப்.எம். கருவியோ எந்த நிறுவனம் செய்ததாயினும் மற்றொன்றோடு பேசும். அவசர காலத்தில் அறிமுகமற்றவர் இருவர் சந்திப்பதற்குப் பழைய முறையே பொதுமொழியாகின்றது.

இதனால் புதியது வேண்டாவென்று நாம் சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரைச் சேர்ந்த டேவிட் றோ என்னும் பொறியியலாளர், வினாடிக்கு 700 இலக்கங்களாலேயே பேச்சைக் குறிக்கும் வழி கண்டுள்ளார். மிக நலிந்த அலையிலும் செல்லத்தக்க அம்முறையின் நிரலை யாவரும் திறந்து பார்த்துப் பயிலலாம். டிஜிட்டல் குரல் அறும் எல்லை ஆண்டுதோறும் தள்ளிச் செல்கின்றது என்பதற்கு இது சான்று. ஆயினும் தள்ளிச் சென்ற எல்லையும் எல்லையே.

ஆகவே, இக்கலையிற் புகவிரும்பும் மாணவர்க்கு நாம் கூறுவது இது. முதலில் உரிய பரீட்சையில் தேறி அனுமதிப்பத்திரம் பெறுக. இரு முறைகளும் உள்ள கைக்கருவி கிடைப்பின், நண்பரொருவரைத் தம் வீட்டில் நிறுத்தி, பேசிக்கொண்டே விலகி நடந்து பார்க்க. டிஜிட்டல் எவ்விடத்தில் அற்றது, எப்.எம். எவ்விடத்தில் இரையத் தொடங்கிற்று, எவ்விடத்தில் விளங்காது போயிற்று என்பனவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. கருவி தெளிவாகப் பேசும் தூரத்தை விற்பவர் சொல்வார். அது கைவிடும் இடத்தை நாமே நடந்துதான் அறியவேண்டும்.