புகை இழுக்காத சிம்னி: பொறுப்பு யாருடையது?



கோவையில் இன்று கட்டப்படும் அடுக்ககங்களில் சிம்னி இல்லாத அடுப்பங்கரையைக் காண்பது அரிதாகி வருகிறது. கரும்புக்கடை, குனியமுத்தூர், போத்தனூர், செல்வபுரம் என நம் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளில் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் மாடுலர் கிச்சனையும் அதன் நடுவே தொங்கும் சிம்னியையும் கேட்டு வாங்குகின்றனர். புதுமனை புகும் நாளில் விருந்தினர் அனைவரும் அதை அண்ணாந்து பார்த்துச் செல்வர். இரண்டாண்டு கழித்து அதே வீட்டுக்குச் சென்று பாருங்கள். பொத்தானை அழுத்தினால் இரைச்சல் எழும். புகை மட்டும் அடுப்பின்மேலேயே நிற்கும். சிம்னியின் தலைமேல் பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். "அது ரொம்ப நாளா சரியா இழுக்கறதில்லீங்க" என்று வீட்டுப் பெண்கள் மிகச் சாதாரணமாகச் சொல்வர்.

அந்தச் சாதாரணத்தைப் பற்றியே எழுத விழைகிறோம். வீட்டில் ஏ.சி. பழுதானால் அன்று மாலையே ஆள் வருகிறார். வண்டி பழுதானால் மறுநாள் காலைக்குள் பட்டறைக்குப் போகிறது. சிம்னி மட்டும் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறது. ஏ.சி.யின் குளிரில் ஆண்களும் உறங்குகின்றனர். சிம்னியின் கீழ் அவர்கள் நிற்பதில்லை. இதை வேறு எப்படி நாகரிகமாகச் சொல்வதென்று நமக்குத் தெரியவில்லை.

விறகு, சாணம், நிலக்கரி போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் சேரும் மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நாம்தான் கேஸுக்கு மாறிவிட்டோமே என்று சிலர் கூறலாம். உண்மைதான். 2006க்குப் பின் தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புகளும், 2016 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வாலா திட்டமும் பல வீடுகளிலிருந்து விறகுப் புகையை வெளியேற்றின. ஆனால் கேஸ் அடுப்பு ஒழித்தது விறகின் புகையை மட்டுமே. கொதிக்கும் எண்ணெயின் ஆவியும், தீச்சுடரில் உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அப்படியே இருக்கின்றன. உயர்வெப்பத்தில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையை, புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் 2ஏ வகையில் சேர்த்துள்ளது. அதற்கு அடிப்படையான ஆய்வுகளில் பல, நாளும் வாணலியில் வறுத்துப் பொரிக்கும் சீனப் பெண்களிடையே நடந்தவை. யாரையும் அச்சுறுத்த இதைக் கூறவில்லை. ஆயினும் ரமலானில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். சமோசா, வடை, பஜ்ஜி, கட்லெட் என முப்பது நாளும் எண்ணெய்ச் சட்டி இறங்குவதில்லை. வெறும் வயிற்றோடு நோன்பு நோற்ற பெண் அந்த ஆவியின் நேர்மேலே ஒரு மணி நேரம் நிற்கிறார்.

பழைய செய்தி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.பி. ராஜு, ஏழைகளின் அடுப்பங்கரைக்கெனப் புகையில்லா அடுப்பை வடிவமைத்து 1953இல் அதுபற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். 1980களில் மத்திய அரசு நாடெங்கும் புகைபோக்கி வைத்த அடுப்புகளைப் பரப்பியது. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, குழாயில் படிந்த கரியை எடுக்க ஆளில்லை என்பது. மண் அடுப்புக்கு நேர்ந்தது இன்று எவர்சில்வர் சிம்னிக்கும் நேர்கிறது.

சிம்னி இழுக்கவில்லை என்றவுடன் மோட்டாரைச் சந்தேகிப்பது நம் ஊர் வழக்கம். பம்பு செட்டும் கிரைண்டரும் செய்து உலகுக்கு அனுப்பும் ஊர் அல்லவா! ஆனால் மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து, ஓடும் சிம்னியின் வடிகட்டியில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இழுப்பு இருக்கிறது. விழுந்துவிட்டால் சிம்னியை நிறுத்தி, வடிகட்டியைக் கழற்றிவிட்டு மீண்டும் சில நொடிகள் ஓடவிடுங்கள். இப்போது காற்று பலமாக இழுக்கப்பட்டால் குற்றம் வடிகட்டியில் அடைந்த எண்ணெய்ப் பிசுக்கில்தான். அப்போதும் மந்தமாக இருந்தால் வெளிச்சுவருக்குச் சென்று குழாய் வாயில் கையை நீட்டிப் பாருங்கள். அங்கே காற்று வரவில்லையெனில் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது ஃபால்ஸ் சீலிங்கின் மேலே கழன்று கிடக்கிறது. இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு ரூபாய் செலவில்லை.

குழாய் வாயில் வலை இல்லாத வீடுகளில் புறாவும் மைனாவும் அணிலும் கூடு கட்டுகின்றன. கிணற்றில் எலி விழுந்தால் எத்தனை வாளி இறைக்க வேண்டும், புறா விழுந்தால் எத்தனை வாளி என்பதை நம் மதரஸா மாணவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பர். சிம்னிக் குழாயில் புறா கூடு கட்டினால் என்ன செய்வதென்று கேட்டால் சிரிக்கின்றனர். கிணறு மறைந்துவிட்ட தெருக்களில் இந்தப் பாடமும் வேண்டும்தான்.

குழாயின் அளவில் நடக்கும் தவறு இன்னொன்று. ஆறு அங்குல வாய் கொண்ட சிம்னிக்கு, சுவரில் ஏற்கெனவே நான்கு அங்குலத் துளை இருக்கிறது என்பதற்காக நான்கு அங்குலக் குழாயை மாட்டிவிடுகின்றனர். நான்கு அங்குல வட்டத்தின் பரப்பு ஆறு அங்குல வட்டத்தின் பரப்பில் பாதிகூட இல்லை. அதற்குமேல் மடங்கி மடங்கித் தொங்கும் அலுமினியக் குழாய், மூன்று முழங்கை வளைவு. பெட்டியின்மேல் மணிக்கு 1200 கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் தடையேதும் இல்லாத காற்றோட்டத்துக்கு உரிய எண். பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரம் உள்ள அடுப்பங்கரையின் காற்று முழுவதும் ஏறத்தாழ 23 கன மீட்டர்தான். அதை மணிக்குப் பன்னிரண்டு முறை மாற்றினாலும் 280ஐத் தாண்டாது. எனவே பெரிய எண்ணுக்குப் பெரிய விலை கொடுப்பதைவிட நேரான, அகலமான, குறுகிய குழாய்க்குச் செலவிடுவதே அறிவுடைமை.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் மாதங்களில் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. அதே காற்று, மேற்கு நோக்கி வைத்த சிம்னிக் குழாயின் வாய்க்குள்ளும் புகுந்து புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது. "ஆடி மாசம் மட்டும் இழுக்கறதில்லை" என்று குறைப்படும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது குழாய் பார்க்கும் திசையை. கீழ்நோக்கிய மூடியும், வெளிக்காற்றைத் தடுக்கும் மடக்குத் தகடும் இருந்தால் போதும். அத்தகடு பிசுக்கில் ஒட்டிக்கொண்டு திறக்காமல் போவதும் உண்டு. புதிதாகப் பொருத்திய சிம்னியில் பேக்கிங் டேப்பைக்கூட எடுக்காமல் விட்டிருப்பர். கதவு, சன்னல் அனைத்தையும் அடைத்துவிட்டால் சிம்னி எந்தக் காற்றை இழுக்கும்? அடுப்புக்குச் சற்றுத் தள்ளியுள்ள சன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள். அது புகையைக் கலைத்து அறையெங்கும் பரப்பும்.

சிம்னி ஓடாமல் 'ம்ம்' என்று முனகினால் மின்தேக்கி போயிருக்கலாம், அல்லது விசிறி பிசுக்கில் இறுகியிருக்கலாம். கிரைண்டர் வைத்திருக்கும் வீட்டாருக்கு இந்த முனகல் பழக்கமானது. இங்கே கை வைக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். தெரிந்த மின்பணியாளரே அதைத் தொட வேண்டும். அலுமினிய வலையைச் சலவைச் சோடாவில் ஊறவைக்கக் கூடாது, கறுத்து அரித்துப்போகும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். 'ஆட்டோ கிளீன்' என்பது உள்ளிருக்கும் விசிறியின் பிசுக்கைச் சூடாக்கி உருக்கித் தட்டில் இறக்கும். வடிகட்டியையும் குழாயையும் அது தொடாது. அந்தத் தட்டைக் காலி செய்யாவிட்டால் எண்ணெய் குழம்பின்மேல் சொட்டும். குழாயில் திரண்ட பிசுக்கு தீப்பிடிக்கவும் கூடும். கேஸ் வாசனை வந்தால் புகையைப் போக்குவதாக எண்ணி சிம்னிப் பொத்தானை அழுத்தவே கூடாது. ஒரு சிறு மின்பொறி போதும். சிலிண்டரை அடைத்துச் சன்னல்களைத் திறப்பதே முதல் வேலை.

குழாயே இல்லாத, கரி வடிகட்டி வைத்த சிம்னிகளைப் பற்றி நம் கருத்து கடுமையானது. அவை வாசனையை ஓரளவு பிடிக்கும். வெப்பமும் ஈரமும் எரிவாயுக் கழிவும் அறைக்குள்ளேயே திரும்பிவிடும். கரியைக் கழுவ முடியாது. சில மாதங்களுக்கொரு முறை மாற்ற வேண்டும். இதை வாங்குபவருக்குச் சொல்லாமல் விற்பவர் தம் வியாபாரத்தைத் தாமே சீர்தூக்கிப் பார்க்கட்டும். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கடிந்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். பிசுக்கடைந்த வடிகட்டியைக் கழுவினால் தீரும் பழுதுக்கு "மோட்டார் போய்விட்டது" என்று கூறிப் பில் போடும் பழுதுபார்ப்பவரும் அந்தக் குவியலின் அருகில்தான் நிற்கிறார். நேர்மையாக உழைக்கும் தொழிலாளர் நம் மஹல்லாக்களிலேயே பலர் உள்ளனர். அவர்களின் பெயர்களைத் தொகுத்து வைப்பது ஜமாஅத்துகளுக்குப் பெரிய வேலையன்று.

இதுவரை சொன்னது நம் வீட்டுக்குள். சிம்னி நன்றாக இழுத்தால் புகை எங்கே போகிறது? கோட்டைமேடு போன்ற நெருக்கமான தெருக்களில் இரு வீடுகளுக்கிடையே மூன்றடிச் சந்துகூட இருப்பதில்லை. நம் குழாயின் வாய் அண்டை வீட்டுப் படுக்கையறைச் சன்னலைப் பார்த்து நிற்கிறது. நாம் பொரித்த மீனின் ஆவி அவர் வீட்டுத் தொட்டிலின்மேல் இறங்குகிறது. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட உஸ்மானியச் சட்டமான மஜல்லா, தன் 1200ஆம் பிரிவில், அளவுக்கு மீறிய தீங்கு எவ்வழியிலேனும் நீக்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. அங்கே தரப்படும் உதாரணங்களில் ஒன்று, புதிதாக அமைத்த சூளையின் புகையால் அடுத்த வீட்டில் குடியிருக்க முடியாமல் போவது. அன்றாடச் சமையலின் புகையை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்வது வழக்கம்; அதை ஒரே குழாயில் திரட்டி அவர் சன்னலுக்கு நேரே பீய்ச்சுவது வேறு. குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட அறிவுரை நம் நாவில் இருக்கிறது. குழம்பு அவ்வீட்டுக்குச் செல்லாமல் புகை மட்டும் செல்லுமானால் அண்டை வீட்டாரின் முகத்தை நாம் எப்படிப் பார்ப்பது?

இஸ்தான்புல்லில் 1557இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானியா பள்ளிவாசலில், எண்ணெய் விளக்குகளின் கரி காற்றோட்டத்தில் இழுக்கப்பட்டு நுழைவாயிலுக்கு மேலுள்ள ஓர் அறையில் சேரும்படி சினான் அமைத்தார் என்பர். அக்கரியைக் கொண்டு எழுதும் மை செய்தனராம். அத்தனை நுட்பம் நமக்கு வேண்டியதில்லை. குழாயை மொட்டைமாடி வரை ஏற்ற முடிந்தால் ஏற்றலாம். முடியாவிட்டால் ஒரு முழங்கை வளைவைப் பொருத்தி அண்டை வீட்டுச் சன்னலிலிருந்து திருப்பலாம். அதனால் இழுப்புச் சற்றுக் குறையும், குறையட்டும். அடுக்ககமாயின் குடியிருப்போர் சங்கம் கூடிப் பொதுவான புகை வழியை அமைப்பதே சரி.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்றார்கள். புகாரியில் இடம்பெறும் இச்செய்தியை நாம் மேடைகளில் பலமுறை பேசிவிட்டோம். ஷஅபான் பிறந்தால் பள்ளிவாசலின் விரிப்புகளைத் துவைக்கிறோம், ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிறோம், கஞ்சிப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம். அதே வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிம்னியின் மின் இணைப்பை நிறுத்திவிட்டு, வீட்டுத் தலைவர் தம் கையால் வடிகட்டியைக் கழற்றி வெந்நீர் வாளியில் போடட்டும். அரை மணி நேரம் ஊறட்டும். அதற்குள் மாடிக்குச் சென்று, குழாயின் வாய் யாருடைய சன்னலைப் பார்க்கிறது என்று கவனித்துவிட்டு வரலாம்.