கண்ணெதிரே சமையல், கைமேல் வியாபாரம்

நமது சமூகத்தின் தொழில்களில் ஹோட்டல் வியாபாரத்துக்குத் தனியிடம் உண்டு. கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளைப் பகுதிகளிலும் நம்மவர் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால், அவற்றுள் பல ஒரேயொரு மூட்டையை நம்பியே நடக்கின்றன. அது கோதுமை மா மூட்டை. காலையில் பராட்டா, பின்னேரம் ரோல்ஸ், இரவில் கொத்து எல்லாம் அதிலிருந்துதான்.

கோதுமையோ கப்பலில் வருவது. 2022இல் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவையும் தாண்டியபோது மாவின் விலையும் எகிறியது. காஸ் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, பல கடைகளில் அடுப்பு அணைந்தது.

அண்மையில் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள 'ஹெல போஜுன்' உணவகத்துக்குச் சென்றேன். விவசாயத் திணைக்களம் ஏற்படுத்தியது இது. பயிற்சியும் இடமும் திணைக்களத்தினுடையவை. சமையலும் உழைப்பும் வருமானமும் கிராமத்துப் பெண்களுடையவை. கோதுமை மாவுக்கு அங்கு இடமில்லை. செயற்கை நிறமூட்டிகளும் சோடாப் போத்தல்களும் கிடையா. அரிசி மா, குரக்கன், உளுந்து, பலாக்காய், இலைக்கஞ்சி, வில்வப்பூத் தேநீர் என எல்லாம் நம் மண்ணில் விளைபவை. பலா காய்க்கும் காலத்தில் பலா, கிழங்கு மலியும் காலத்தில் கிழங்கு. மலியும் பொருளை வாங்குபவருக்கு அடக்கவிலை குறைவு என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பலாக்காய்க்கு யார் வருவார்கள்? சனம் கொத்துத்தானே கேட்கிறது" என்று சில முதலாளிமார் கேட்கக்கூடும். நான் போன நேரம் அங்கு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் இளைஞர்களே. மேலும், நீரிழிவுக்காரர் இல்லாத வீடு இன்று அபூர்வம். அவர்களும் நமது வாடிக்கையாளர்கள்தாம்.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. அங்கு சமையல் வாடிக்கையாளரின் கண்ணெதிரே நடக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நம்மவர் கடையொன்றின் சாப்பாட்டில் கிடந்த மாக்கட்டியை 'கருத்தடை மாத்திரை' என்றார்கள். அது வெறும் மாவே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார். அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த சில நாட்களில் திகன பற்றியெரிந்தது. திறந்த அடுப்பு வன்முறையாளரைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குற்றம் முழுவதும் அவர்களுடையதே. ஆனால், சமையலைத் தினமும் கண்ணால் காணும் சிங்கள வாடிக்கையாளர், வதந்தி வரும்போது நமக்காகச் சாட்சி சொல்லக்கூடியவர்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டார்கள். மறைவில்லாத வியாபாரம் நமக்குப் புதிதல்ல, நமது மார்க்கமே அது.

கொத்துக் கல்லைத் தூக்கி வீசச் சொல்லவில்லை. முதலில் கடை முன்புறத்தில் ஓர் அடுப்பு, அரிசி மாவிலும் குரக்கனிலும் இரண்டு உணவு வகைகள், பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் ஒருவரோடு நேரடிக் கொள்வனவு. மூன்று மாதம் கணக்குப் பாருங்கள். இலாபம் வந்தால் தொடருங்கள். அடுத்த முறை மா மூட்டையின் விலை ஏறும்போது, இன்ஷா அல்லாஹ், உங்கள் அடுப்பு அணையாது.