சுமைகளைப் பிரித்தறிவோம்



ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம் பிறந்ததும் நமது கிழக்குக் கடற்கரைச் சாலை காவி நிறம் பூண்டுவிடுகின்றது. சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் கடலூரிலிருந்தும் புறப்பட்ட பாதயாத்திரைக் கூட்டங்கள் காரைக்காலைக் கடந்து, நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களைத் தொலைவிலே கண்டு, நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணியை நோக்கி நடக்கின்றன. நாகூரை எட்டிவிட்டால் எஞ்சியிருப்பது நான்கைந்து மணி நேர நடைதான். பாதங்கள் கொப்புளித்திருக்கின்றன, தோளிலே துணிமூட்டை தொங்குகின்றது. ஆயினும், அவர்கள் சுமந்து வரும் உண்மையான சுமை அந்தத் துணிமூட்டையன்று. கடன், நோய், பிள்ளைப்பேறின்மை, மகளின் திருமணம், மகனின் வேலை, எவரிடமும் சொல்லாத ஒரு பழைய குற்றம் ஆகிய இவற்றையே ஆரோக்கிய அன்னையின் காலடியில் இறக்கி வைக்க வருகின்றார்கள்.

இறக்கி வைத்தவர்கள் எல்லாரும் இலகுவான உள்ளத்தோடு வீடு திரும்புகிறார்களா? பலர் திரும்புகின்றார்கள். சிலரோ கொண்டுவந்த பாரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகின்றார்கள். காரணம் என்ன? அன்னையின் பரிந்துரையில் குறையில்லை. ஆண்டவரின் இரக்கத்திலும் குறையில்லை. எது பாவம், எது கவலை, எது துயரம் என்று பிரித்தறியாமல் மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டி வைத்திருப்பதே காரணம் எனலாம். முடிச்சை அவிழ்த்தால்தானே மூட்டையை இறக்க முடியும்?

இந்த முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்பதை நமது கடற்கரை ஒருமுறை கண்ணீரோடு கண்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை எழுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிப் பேராலயத்தினுள்ளே கடல் புகவில்லை. உள்ளே இருந்தோர் பிழைத்தனர். அவர்கள் ஆண்டவருக்கு நன்றி கூறியது முறையே. ஆனால் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற நூற்றுக்கணக்கானோரை அலை வாரிச் சென்றதே, அவர்களும் நேர்ச்சை செலுத்த வந்த பக்தர்கள் அல்லரோ? உள்ளே இருந்தவர் புண்ணியவான், வெளியே நின்றவர் பாவி என்று எவரேனும் கூறத் துணியலாமா?

கூறத் துணிந்தவர்கள் இருந்தார்கள். அதனினும் கொடுமை, பறிகொடுத்தவர்களே தங்களைக் குறித்து அவ்வாறு நினைத்துக்கொண்டதுதான். "நான் என்ன பாவம் செய்தேனோ, கடல் என் பிள்ளையைக் கொண்டுபோயிற்று" என்றும், "கையைப் பிடித்திருந்தேன், விட்டுவிட்டேனே" என்றும் புலம்பிய தாய்மார் எத்தனை பேர்! அலையின் வலுவுக்கு முன் ஒரு தாயின் பிடி தளர்ந்தது பாவமாகுமா? ஆகாது. அது துயரம். துயரத்தைப் பாவமென்று எண்ணித் தன்னைத் தானே தண்டித்துக்கொள்பவருக்கு விடுதலை கிட்டுவதில்லை. செய்யாத குற்றத்திற்கு மன்னிப்புத் தேடி அவர் வாழ்நாளெல்லாம் அலைவார்.

நம் ஆண்டவர் இயேசு இதைப்பற்றி ஐயத்திற்கிடமின்றிப் பேசியிருக்கின்றார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மடிந்தபோது, அவர்கள் எருசலேமின் மற்றக் குடிகளைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். அதே வேளையில், கேட்டுநின்ற யாவரையும் மனந்திரும்ப அழைத்தார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் வினவியபோது, அவனுமில்லை, பெற்றோருமில்லை என்றார் (யோவான் 9). பழைய ஏற்பாட்டில் யோபுவின் நண்பர்கள், அவர் இழந்ததெல்லாம் அவருடைய பாவத்தின் விளைவே என்று வாதாடினார்கள். இறுதியில் இறைவன் கடிந்துகொண்டது யோபுவின் நண்பர்களையே என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இந்த யோபுவின் வரலாறு நமது தமிழ் மண்ணிலே ஒரு குடும்பத்தலைவரின் வாழ்வை மாற்றியது. குமரி நாட்டு நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரசில் உத்தியோகம் வகித்தவர். கால்நடைகள் மடிந்தும் பயிர்கள் அழிந்தும் நட்டத்தின்மேல் நட்டம் வந்தபோது அவர் மனம் சோர்ந்தார். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் அம்மன்னருக்கே படைப்பணி புரிந்த டச்சுத் தளபதி டிலனாய், அவருக்கு யோபுவின் கதையை எடுத்துரைத்தார். இழப்பு என்பது இறைவன் கைவிட்டதன் அடையாளமன்று என்ற உண்மை அவருள்ளத்தில் விளக்கேற்றியது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதன்பின் அவருடைய தொல்லைகள் நீங்கினவா? இல்லை, பெருகின. பதவி போயிற்று. விலங்கு பூட்டப்பட்டது. எருமையின்மேல் ஏற்றி ஊரூராக இழுத்துச் செல்லப்பட்டார். 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். மாடு இறந்ததற்காகக் கலங்கிய மனிதர், தம் உயிரே போகவிருந்த வேளையில் கலங்கவில்லை! கவலையின் காரணங்கள் ஒழிவதே விடுதலை என்று நாம் எண்ணுகிறோம். காரணங்கள் நிற்கையிலேயே அவற்றின் பிடியிலிருந்து உள்ளம் விடுபடுவதே விசுவாசம் அளிக்கும் விடுதலையாகும்.

துயரம் பாவமன்று என்றோம். அப்படியாயின் பாவத்தை என்ன செய்வது? இங்கே நாம் வழக்கமாக எதிர்த்தவறு ஒன்றைச் செய்கிறோம். பாவத்திற்குக் கவலை என்று பெயர் சூட்டிவிடுகிறோம். "வீட்டிலே நிம்மதியில்லை, மாதாவே" என்று மெழுகுவர்த்தி ஏற்றுகின்றவர், நிம்மதியைக் குலைப்பது தாம் மாலைதோறும் அருந்தும் மது என்பதை ஒப்புக்கொள்வதில்லை. வரப்புத் தகராறினால் உடன்பிறந்தவனோடு பத்தாண்டுகளாய்ப் பேசாதவர், இரவில் தூக்கம் வரவில்லை என்று மருந்து தேடுகின்றார். நடவுக்கு வந்த பெண்ணின் கூலியில் பிடித்துக்கொண்டவரும், கந்துவட்டிக்குக் கொடுத்து ஏழையின் வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்திருப்பவரும் நேர்ச்சைக்குக் குறைவைப்பதில்லை. இவை மன்றாட்டுச் சீட்டில் எழுதவேண்டியவை அல்ல. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லவேண்டியவை.

கூரையைப் பிரித்து நால்வர் இறக்கிய திமிர்வாதக்காரனை நினைத்துப் பாருங்கள் (மாற்கு 2). அவர்கள் கேட்க வந்தது கால்களுக்குச் சுகம். ஆண்டவர் முதலில் அளித்ததோ பாவ மன்னிப்பு. நாமும் கேட்க வந்த வரத்தைப் பெறுமுன்னரே, கேட்காத மன்னிப்பு நமக்காகக் காத்திருக்கின்றது. திருவிழா நாட்களில் வேளாங்கண்ணியில் பல மொழிகளில் பாவசங்கீர்த்தனம் கேட்கப்படுகின்றது. இத்தனை தொலைவு நடந்து வந்தவர், அந்தக் கடைசிப் பத்தடியையும் நடந்துவிடட்டும்! ஒப்புரவு பெற்றபின் சக்கேயுவைப் போல, பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுக்கட்டும். பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். தம்பியின் வீட்டு வாசலை மிதிக்கட்டும். மன்னிக்கப்பட்ட பாவத்தையோ மீண்டும் மீண்டும் தோண்டி எடுக்க வேண்டாம். ஆண்டவர் மன்னித்துவிட்டதை நாம் மன்னிக்க மறுப்பது தாழ்ச்சியன்று. அவருடைய வார்த்தையை நம்பாமையே.

இனிக் கவலை. காவிரிப் படுகையில் வாழும் நமக்கு அது புதிதன்று. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா, திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா, அறுவடை வேளையில் மழை வந்து கதிரைச் சாய்க்குமா என்று ஆண்டு முழுதும் கலங்குகிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் ஓரிரவிலே தென்னந்தோப்புகளைச் சாய்த்ததைக் கண்டவர்களிடம் "கவலைப்படாதீர்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆண்டவரும் எளிதாகச் சொல்லவில்லை. விதைத்துவிட்டு உறங்கி எழும் உழவனை அவர் உவமையாகக் காட்டினார். அவன் அறியாமலே விதை முளைத்து வளர்கின்றது (மாற்கு 4). அவன் சோம்பேறியல்லன், உழுதான், விதைத்தான். ஆனால் நாற்றங்காலில் இரவெல்லாம் உட்கார்ந்து முளையை இழுத்து வளர்க்க முயலவில்லை. நம் கையில் இருப்பதைச் செய்துவிட்டு, நம் கையில் இல்லாததை இறைவன் கையில் விட்டு உறங்கச் செல்வதும் ஒரு விசுவாச முயற்சியே.

துயரத்திற்கோ மன்னிப்பும் தேவையில்லை, புத்திமதியும் தேவையில்லை, துணை தேவை. ஆழிப்பேரலையின் நாட்களில், நாகூர் தர்காவுக்குரிய நிலத்தில் சமயம் பாராமல் இறந்தோர் அடக்கம் செய்யப்பட்டனர். எம்மதத்தார் என்று கேளாமல் பிறர் துயரத்தைச் சுமந்த அந்த அயலாரிடமிருந்து, ஒரே திருப்பலியில் பங்கேற்கும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதுண்டு. நமது அன்பியத்தில் பிள்ளையை இழந்த தாய் இருந்தால், காரணம் தேடாமல் அவளருகில் அமருங்கள். துயரம் ஆண்டுகள் கடந்தும் உணவையும் உறக்கத்தையும் பறிக்குமாயின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவாகாது. லாசரின் கல்லறையருகே ஆண்டவரே அழுதாரன்றோ?

ஆகவே, இம்மாதம் நம் இல்லங்களில் இரவுச் செபமாலைக்குப் பின் சற்று நேரம் அமைதியாயிருந்து, ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வோம்: என்னை அழுத்துவது நான் செய்த தவறா? அப்படியாயின் வரும் சனிக்கிழமையே குருவானவரிடம் செல்வேன். நாளையைப் பற்றிய அச்சமா? என் கடமையைச் செய்து, மீதியைப் பரம தந்தையிடம் விடுவேன். ஆறாத இழப்பா? அதை மறைக்காமல் வீட்டாரோடு பகிர்ந்துகொள்வேன். பெற்றோர் இதைத் தொடங்கினால் பிள்ளைகளும் தொடர்வார்கள்.

பாரம் சுமப்போர் அனைவரையும் தம்மிடம் அழைக்கும் ஆண்டவர், உங்கள் குடும்பங்களுக்குத் தம் சமாதானத்தை அருள்வாராக! ஆரோக்கிய அன்னை உங்களுக்காகப் பரிந்து பேசுவாராக!