பொறுப்பையும் கேட்டுத்தான் பெற வேண்டும்

என் அம்மா ஒரு பேரங்காடியில் ஒன்பது ஆண்டுகள் காசாளராக இருந்தார். புதிதாக யார் சேர்ந்தாலும், “அக்காவிடம் கற்றுக்கொள்” என்று அவரிடம்தான் அனுப்புவார்கள். பணப்பெட்டியைத் திறந்து எண்ணுவது, பற்றுச்சீட்டில் நேர்ந்த தவற்றைத் திருத்துவது, கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் பேசுவது என எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார். அவரிடம் கற்றவர்களில் இருவர் பிறகு அவருக்கே மேற்பார்வையாளர் ஆனார்கள். அம்மா கடைசிவரை காசாளர்தான்.

“ஏம்மா நீங்கள் கேட்கவில்லை?” என்று ஒருநாள் கேட்டேன். “நம் வேலையைப் பார்த்து அவர்களாகவே கொடுக்க வேண்டும். நாமே போய்க் கேட்டால் நன்றாகவா இருக்கும்?” என்றார்.

இந்தத் தயக்கம் நம்மில் பலருடைய வீடுகளில் உண்டு. பணிவு நல்ல குணம்தான். ஆனால், வேலை தடங்கலின்றி நடக்கும்வரை அதை யார் நடத்துகிறார் என்று மேலாளர் யோசிப்பதில்லை. சொல்லாதவரை அவருக்கு அது தெரியப்போவதும் இல்லை.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அதை நான் தவறு செய்துதான் கற்றேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு பேக்கரியில் பகுதிநேர வேலை பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, கூட்டம் அலைமோதிய நேரத்தில், “எனக்குக் கூடுதல் பொறுப்பு வேண்டும்” என்று மேலாளரிடம் சொன்னேன். “நல்லது, இரண்டாவது முகப்பையும் நீயே பார்த்துக்கொள்” என்றார். பொறுப்பு கேட்டேன், வேலைதான் கூடியது. என்ன பொறுப்பு என்று நான் சொல்லவே இல்லையே! அவர்மீது குறை சொல்ல என்ன இருக்கிறது?

அதன் பிறகு மூன்று வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். அது பள்ளி விடுமுறைக் காலம். புதிதாக நான்கு பகுதிநேர ஊழியர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியாது. யார் கையில் வேலை இல்லையோ அவர் சொல்லிக்கொடுப்பார். ஒருவர் சொன்னதற்கு மாறாக இன்னொருவர் சொல்வார். அந்த மூன்று வாரத்தில் பணப்பெட்டிக் கணக்கு ஆறு முறை இடித்தது. முன்பதிவு செய்த கேக் இரண்டு முறை வேறு ஆளுக்குப் போனது. அம்மாவின் கதையேதான் இங்கும் நடந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதினேன். இப்போது எது சரியில்லை. நான் என்ன செய்வேன். அதற்காக எந்த வேலையை என்னிடமிருந்து எடுக்க வேண்டும். நான்கு வாரம் முயன்ற பிறகு எதை வைத்து முடிவு செய்யலாம். சம்பளத்தையும் அதிலேயே குறிப்பிட்டேன். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை காலையில், பத்து நிமிடம் கேட்டு, உட்கார்ந்து பேசினேன். சம்பளத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார் மேலாளர். மற்றதற்கு ஒப்புக்கொண்டார். நான்கு வாரம் கழித்து, பயிற்சி தரும் நாள்களுக்கு மணிக்கு ஒரு வெள்ளி கூட்டிக் கொடுத்தார். நான் கேட்டது இரண்டு வெள்ளி. ஆனால் வேலையை விட்டபோது தந்த சான்றுக் கடிதத்தில் ‘புதிய ஊழியர் பயிற்சிப் பொறுப்பாளர்’ என்று எழுதியிருந்தார். என் வேலைப் பயிற்சிக்கான நேர்காணலில் முதலில் கேட்கப்பட்டது அதைப் பற்றித்தான்.

இந்த நான்கில் இளையர்கள் பெரும்பாலும் மறப்பது மூன்றாவதை. எதை விடப்போகிறோம் என்று சொல்லாமல் புதிய பொறுப்பை ஏற்றால், பழைய வேலையும் தோளிலேயே இருக்கும். முயற்சிக் காலத்துக்கு முடிவு நாள் குறிக்காவிட்டால், அது என்றென்றும் இலவச வேலையாகிவிடும்.

“இப்படி எழுதிக் கொடுத்தால் முதலாளி யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு நம்மைக் கைவிட்டுவிடுவாரே” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். அப்படி நடந்தால், அந்த இடத்தில் வளர வழியில்லை என்பது ஒன்பது ஆண்டுகளில் அல்ல, நான்கே வாரத்தில் தெரிந்துவிடும். அதுவும் லாபமே.

சிங்கப்பூரில் இன்று இதற்குச் சில பிடிமானங்கள் உள்ளன. வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். பதவியின் பெயரும் முக்கியக் கடமைகளும் அதில் இடம்பெற வேண்டும். உங்கள் தாளை எழுதும் முன் அதை ஒருமுறை படியுங்கள். சில்லறை விற்பனைத் துறைக்கு 2022 செப்டம்பரில் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்தது. காசாளர், மூத்த காசாளர், மேற்பார்வையாளர் என்று படிகளும், படிக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளமும் இப்போது வகுக்கப்பட்டுள்ளன. அம்மாவின் காலத்தில் அந்த ஏணி இல்லை. ஆனால் ஏணி இருந்தாலும், ஏற விரும்புகிறேன் என்று நாம்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்லி வளர்த்தவர்களே நமக்கு அழக் கற்றுத்தரவில்லை!

வேலைக்குப் போகாத மாணவர்களும் இதைப் பழகலாம். இணைப்பாட நடவடிக்கையில் பொருள்களைக் கணக்கெடுப்பவர் யார் என்று தெரியாமல் ஆண்டுதோறும் பந்தும் மட்டையும் காணாமல் போகிறதா? ஆசிரியரிடம் அந்தப் பொறுப்பைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எந்தப் பொறுப்பைக் கேட்பது என்று தெரியாவிட்டால் ஒரு வாரம் கவனியுங்கள். மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள்? ஏற்கெனவே நீங்கள் பெயரில்லாமல் செய்துகொண்டிருக்கும் வேலை அதுதான். அதற்கு ஒரு பெயர் கொடுத்து, ஒரு தாளில் எழுதி, அமைதியான ஒரு காலை நேரத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.