பெயின்ட் அடிக்கவா அந்தப் பணம்?

பள்ளிக்கல்விக்காக ஒன்றிய அரசு தர வேண்டிய பணம் நின்றுபோன நாள் முதல் ஒரு வாதம் ஊர் ஊராகச் சுற்றி வருகிறது. ‘அரசுப் பள்ளிக்கு எவ்வளவு கொட்டினாலும் மார்ச் மாதம் பெயின்ட் அடித்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். கொரோனாவைச் சொல்லிச் செலவழித்ததும் அப்படித்தான் கரைந்தது. செலவழிக்கவே தெரியாதவர்களுக்குப் பணம் வராவிட்டால் என்ன நட்டம்?’ ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன. விருதுநகர் மாவட்டம்தான் ரிசல்ட்டில் முன்னால் நிற்கிறதே என்பது ஒன்று. மில்காரர்கள் இருக்கும் ஊரில் பள்ளிக்கு ஏது பணத் தட்டுப்பாடு என்பது இன்னொன்று. கடைசியாக, ஒரு கையெழுத்தைப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்ற கேள்வி. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இந்த வாதம் இத்தனை நாள் செல்லுபடியாகிறது. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தால், அது சொல்லும் முடிவுக்கு எதிர்த் திசையில்தான் போய் நிற்கிறோம்.

முதலில் கொரோனாக் காலத்துச் செலவு. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. முதற்கட்டமாக 200 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். திட்டத்தின் அமைப்பு மிக எளிது. அந்தத் தெருவிலேயே இருக்கும் படித்த ஒருவர், பெரும்பாலும் பெண், சாயங்காலம் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பிள்ளைக்கு மாதம் ஐம்பது ரூபாய் என்று வருகிறது. இதை ஊகத்தால் எடைபோட வேண்டியதில்லை. அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவுக்கு முன்பு அதே கிராமங்களில் எடுத்த அளவீடு கையில் இருந்ததால் எவ்வளவு பறிபோனது, எவ்வளவு திரும்பியது என்று ஒப்பிட முடிந்தது. 2021 டிசம்பரில் தமிழிலும் கணக்கிலும் பெரிய பின்னடைவு. கணக்கில் இன்னும் மோசம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் மதிப்பீடு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் வேகமாக மேலே வந்ததற்கும் அது கைகொடுத்திருக்கும் என்கிறார்கள்.

மீதி முக்கால் பங்கு பள்ளி திறந்ததாலேயே வந்ததுதானே, தனிச்செலவு எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பள்ளியும் பொதுப் பணத்தில்தான் திறந்தது என்பதை விட்டுவிடுவோம். மாதம் ஐம்பது ரூபாயில் மீட்சியின் கால் பங்கை வாங்கித் தந்த வேறு எந்தச் செலவைக் காட்ட முடியும்? நூற்பாலை ஷிப்டுக்குப் போகும் ராஜபாளையம் வீடுகளிலும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி வீடுகளிலும் சாயங்காலம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. பணம் அங்கே ஓர் ஆளாகவும் ஒரு மணி நேரமாகவும் மாறியது. கொரோனா நிவாரண நிதியைப் பள்ளிக்கல்வி எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற கேள்விக்கு நான் பார்த்தவரை இதைவிடத் தெளிவான விடை இல்லை.

அமெரிக்காவில் இதே கேள்விக்குப் பிரம்மாண்டமான ஒரு சோதனை நடந்தது. 2020 மார்ச்சுக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையில் மூன்று சட்டங்கள் மூலம் பள்ளிகளுக்கென்று ஏறத்தாழ 190 பில்லியன் டாலர் அவசர நிவாரணம் ஒதுக்கினார்கள். மிகப் பெரிய மூன்றாம் தவணையில் மட்டும், ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் குறைந்தது 20 சதவீதத்தைக் கற்றல் இழப்பை ஈடுகட்டச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை. மற்றதற்குக் கட்டுப்பாடு தளர்வு: காற்றோட்டக் கருவி, மடிக்கணினி, கோடை வகுப்பு, கூடுதல் ஆள், எதற்கும் போகலாம். 2024இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டு, பணம் மதிப்பெண்ணைக் கூட்டியது, ஆனால் கொஞ்சமாகத்தான் என்றன. நம் ஊர் வாதக்காரர்கள் அந்தக் ‘கொஞ்சமாக’வைப் பிடித்துக்கொள்வார்கள். மிகப் பெரிய தவணையிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் கற்றல் நிபந்தனை வைத்துவிட்டு மீதியையும் கற்றலை வைத்தே அளந்தால் விடை சிறிதாகத்தானே வரும்? அங்கே எழுந்த இன்னொரு எச்சரிக்கை கவனிக்க வேண்டியது. ஒருமுறை வரும் பணத்தில் ஆள் எடுக்காதே, பணம் தீர்ந்ததும் சம்பளத்துக்கு எங்கே போவாய் என்றார்கள். நிரந்தரப் பணியிடத்துக்கு இது முழுக்கச் சரி. காலக்கெடு வைத்த தன்னார்வலர் ஊக்கத்தொகைக்கு இது பொருந்தவே பொருந்தாது. அந்த எச்சரிக்கையை அரைகுறையாகக் கேட்டவர்கள்தான் நிவாரணப் பணம் என்றாலே கட்டடமும் கணினியும் என்று முடிவுகட்டுகிறார்கள்.

இப்போது பெயின்ட். 120 பிள்ளைகள் படிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவின் விதிப்படி, 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் பள்ளி மானியம். அதில் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும், 5,000 கழிந்தது. மீதி 45,000த்தில்தான் குழாய், மோட்டார் ரிப்பேர், சாக்பீஸ், பதிவேடு, உடைந்த ஓடு, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம். முழுத் தொகையையே 200 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம். ‘கொட்டுகிறார்கள்’ என்ற சொல்லை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தது அது வரும் வழி. 2021க்குப் பிறகு ஒன்றிய நிதித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் மாநிலத்தில் ஒரே முதன்மைக் கணக்கு. கீழே இருக்கும் கணக்குகளில் இருப்பு பூஜ்யம். பள்ளிக்கு ஒரு வரம்பு மட்டும் ஒதுக்குவார்கள். பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு, பில் வாங்கி, இணையதளத்தில் ஏற்றினால் பணம் கடைக்காரருக்குப் போகும். நிதியாண்டு முடிவதற்குள் ஏற்றாவிட்டால் அந்த வரம்பு கையைவிட்டுப் போய்விடும். முன்பு போல மிச்சத்தைப் பள்ளிக் கணக்கில் வைத்திருந்து ஜூனில் நிதானமாகச் செலவிட வழியில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒதுக்கீடு ஆடி ஆவணியில் வந்தால் தலைமையாசிரியர் ஒரு மாதிரி யோசிப்பார். மாசி பிறந்த பிறகு வந்தால் வேறு மாதிரி. இரண்டு நாளில் முடிந்து, ஒரே பில்லில் அடங்கி, தணிக்கைக்கு வருபவர் கண்ணுக்கும் தெரிகிற வேலை சுவருக்கு வண்ணம் அடிப்பதுதான். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு என்பதை மார்ச் 20ஆம் தேதி தொடங்கி 31ஆம் தேதி முடிக்க முடியாது. ஆக, பெயின்ட் வாளியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைப்பது பணம் வரும் தேதிதான். செலவாகாமல் திரும்பிய தொகையைக் காட்டி ‘தேவையே இல்லை போல’ என்பவர்களுக்கும் இதே பதில் போதும். தேதியைத் திருத்தாமல் தொகையை நிறுத்துவது எந்தக் கணக்கிலும் சேராது.

பள்ளி மானியம் சமக்ர சிக்‌ஷாவில் ஒரு சிறு தலைப்புதான் என்பதும் இந்தப் பேச்சில் காணாமல் போகிறது. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர், மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர், பகுதி நேர ஆசிரியர் என்று பலருடைய ஊதியம் இதில் அடக்கம். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருவதும் இதில்தான் நடக்கிறது. பக்கத்தில் பள்ளியில்லாத தொலைதூரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படியாக ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை தரவும் விதியில் இடமுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட தலைப்பு அது. 2024இல் பணம் நின்றபோது முதலில் அடிபட்டது இந்த ஊழியர்களின் செப்டம்பர் சம்பளம். மாநில அரசு பிறகு தன் கையிலிருந்து கொடுத்துச் சமாளித்தது உண்மை. கையிலிருந்து கொடுத்த பணம் வேறு எதற்கோ எடுத்துவைத்தது என்பதும் உண்மை.

ரிசல்ட் வாதத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 2023 பிளஸ் டூ தேர்வில் 97.85 சதவீதத்துடன் விருதுநகர் மாநிலத்தில் முதலிடம் பெற்றது, பெருமைப்பட வேண்டியதுதான். அதே விருதுநகர், நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்று, மற்றது ராமநாதபுரம். கல்வியும் அந்தப் பட்டியலின் அளவுகோல்களில் அடக்கம். பிளஸ் டூ தேர்ச்சி என்பது கடைசி வகுப்பு வரை தாக்குப்பிடித்தவர்களின் கணக்கு. 2020இல் முதல் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, ஒன்றாம் வகுப்பறையில் ஒரு நாள்கூட உட்காராமலே இரண்டாம் வகுப்புக்குப் போய், 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பிள்ளை தேர்வு எழுதி அதன் மதிப்பெண் தெரிய இன்னும் பல ஆண்டு இருக்கிறது. நிவாரணம் அதுவரை காத்திருக்க முடியாது.

மில்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். ராஜபாளையத்தில் ஆலை நடத்தியவர்கள் பள்ளிக்கூடமும் நடத்தியவர்கள். அந்தக் கொடையை யாரும் குறைத்துப் பேச முடியாது. 2022 டிசம்பரில் மாநில அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தைத் தொடங்கி, நன்கொடைக்கு முறையான வழியும் செய்து கொடுத்தது. ஆனால் கொடை தன் விருப்பப்படி வருவது. வகுப்பறை, கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு என்று திறப்பு விழா வைக்கத் தக்கவற்றுக்கு அது தாராளமாக வரும். இயன்முறை மருத்துவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க எந்த அறக்கட்டளை முன்வருகிறது? நகரத்துப் பழைய மாணவர் சங்கம் நகரத்துப் பள்ளிக்குக் கொடுக்கும். ஒன்றியத்தின் கடைக்கோடியில் இருக்கும் ஈராசிரியர் பள்ளிக்குப் பழைய மாணவர் உண்டு, சங்கம் கிடையாது. சட்டப்படி சேர வேண்டிய பணத்துக்கு நன்கொடையை மாற்றாகச் சொல்வது, கொடுத்தவர்களுக்கே செய்யும் அநியாயம்.

கடைசியாக, அந்தக் கையெழுத்து. சமக்ர சிக்‌ஷாவில் ஒன்றியத்தின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. 2024-25க்கு ஒப்புதல் பெற்ற 3,586 கோடியில் ஒன்றியம் தர வேண்டியது 2,152 கோடி. ஒன்றிய அரசின் இன்னொரு திட்டமான பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டும் என்ற பத்தி இருந்தது, மாநிலம் அதை விலக்கி அனுப்பியது, சமக்ர சிக்‌ஷா பணம் நின்றது. 2024 மார்ச்சில் கையெழுத்திடத் தயார் என்று மாநிலத் தலைமைச் செயலாளர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்கும் பிறகு வந்த மறுப்புக்கும் இடையில் என்ன நடந்தது என்று மாநில அரசைக் கேட்பது நியாயமே. ஆனால் ‘கையெழுத்துப் போட்டால் முடிந்தது’ என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. பி.எம். ஸ்ரீயில் ஓர் ஒன்றியத்துக்கோ நகர்ப்புற உள்ளாட்சிக்கோ அதிகபட்சம் இரண்டு பள்ளிகள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களையும் இரு நகராட்சிகளையும் கூட்டினாலும் எட்டைத் தாண்டாது. அந்த எட்டுக்கான ஒப்பந்தத்துக்காக மற்ற எல்லாப் பள்ளிக்கும் உரிய வேறொரு திட்டத்தின் பணத்தைப் பிடித்துவைப்பது எந்த வகையில் முறை? திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சில் இந்தப் பிணைப்பு நியாயமற்றது என்று அறிக்கை தந்தது. மே மாதம் தமிழ்நாடு வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தர வேண்டிய தொகையைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. கேரளம் அக்டோபரில் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கூட்டணிக்குள் எதிர்ப்பு வெடிக்கவே அதை நிறுத்திவைக்கச் சொல்லும் நிலைக்கு வந்தது. அரசியலில் யார் பக்கம் நியாயம் என்று எப்படித் தீர்மானித்தாலும், அந்த வழக்கில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு கட்சிக்காரர் இல்லை.

டெல்லியும் சென்னையும் தீர்த்துக்கொள்ளும் வரை ஊரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; 22ஆம் பிரிவுப்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதில் உறுப்பினராக இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் மானியம் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். ஐந்து, ஆறாம் வகுப்புகளில் தடையில்லாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு அதையும் எழுதவையுங்கள். பணம் எப்போது வந்தாலும் முதல் செலவு அந்தப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கே என்று வளர்ச்சித் திட்டத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.