திரைக்குள் எழுந்த ஊர்கள்

வீடியோ விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோரின் மனக்கண்முன் நிற்பவை வாளும் துப்பாக்கியும், விடியும்வரை விழித்திருந்த பிள்ளையின் சிவந்த கண்களுமே. அந்த அச்சம் பொருளற்றதென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும், சிறுவயதில் இவ்விளையாட்டுகளில் திளைத்து இன்று நாற்பது வயதைத் தொட்டிருப்பவர்களிடம், "உங்கள் நினைவில் நின்றது எது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுள் பலர் தாம் வீழ்த்திய அரக்கனைக் குறிப்பிடுவதில்லை. ஓர் ஊரைக் குறிப்பிடுகிறார்கள். அவ்வூரின் சத்திரம், சந்தை, அங்கே ஒலித்த இசை, வாயிற்படியில் நின்ற கிழவி என ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் காணாத அந்த ஊர்களைப்பற்றி இத்திங்கள் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என்பது வீடியோ விளையாட்டுகளில் ஒரு தனி வகை. ஆடுபவர் ஒரு வழிப்போக்கனாக மாறி, பல நாட்கள் நீளும் ஒரு கதைக்குள் நடக்கிறார். காட்டில் பகை, ஊரில் ஓய்வு. ஜப்பானில் எனிக்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' அந்நாட்டில் இவ்வகைக்கு வழிகாட்டியாயிற்று. அதிலுள்ள ஊரார் ஆளுக்கு ஓரிரு வாக்கியமே பேசுவர். எத்தனை முறை கேட்டாலும் அதையே திரும்பச் சொல்வர். ஆனால் அந்த எளியோர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளாதவனுக்கு வழி புலப்படாது.

அத்தொடரின் பிந்தைய ஆட்டங்களில் ஊர்களில் கோயிலும் குருவும் உண்டு. அதுவரை நடந்த பயணத்தை அக்குருவிடம் சென்று பதிவு செய்துகொள்ளலாம். ஆங்கிலப் பதிப்பில் அதற்கு இட்ட பெயரோ பாவசங்கீர்த்தனம்! அதற்குக் கட்டணம் இல்லை. நஞ்சை நீக்கவும், சாபத்தைப் போக்கவும், இறந்த தோழனை எழுப்பவும் மட்டும் காசு வாங்கிக்கொள்கிறார். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் மந்திரவாதி சீமோனை அறிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கண்டு நகைக்கலாம். அதுபோலவே, கதைத்தலைவன் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து, பானையை உடைத்து, அலமாரியைத் துழாவி, அகப்பட்டதை எடுத்துச் செல்வான். வீட்டுக்காரர் வாய் திறவார். ஏழாம் கட்டளை அந்த நாட்டுக்கு இன்னும் எட்டவில்லை போலும்!

இத்தகைய செயலைக் கண்டு நெஞ்சு உறுத்தப்பெற்ற ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ரிச்சர்டு கேரியட் என்பது அவர் பெயர். அவர் படைத்த 'அல்டிமா' தொடரின் முதல் மூன்று ஆட்டங்களும் ஒரு தீயவனைத் தேடிக் கொல்வதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. வழியில் கடைக்காரனிடம் திருடினாலும், அப்பாவி ஊராரை வெட்டினாலும், வெற்றிக்குத் தடையில்லை. தம் ஆட்டத்தைப் பிறர் எப்படி ஆடுகிறார்கள் என்பதை வந்த கடிதங்களால் அறிந்த கேரியட், 1985இல் நான்காம் ஆட்டத்தை முற்றிலும் வேறு வகையில் அமைத்தார். அதில் கொல்வதற்கென்று ஒரு தலைமைத் தீயவனே இல்லை. எட்டு நற்குணங்களில் தேறி, பிறருக்கு முன்மாதிரியாக வாழ்வதே ஆடுபவரின் இலக்கு.

அக்குணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் உண்டு. மூன்குளோ நேர்மைக்கு உரியது, பிரிட்டன் என்னும் ஊர் இரக்கத்திற்கு, யூ என்பது நீதிக்கு, மினாக் தியாகத்திற்கு. மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. பூண்டு, ஜின்செங் முதலியவற்றை எடுத்துக்கொண்டு, விலையை ஆடுபவரே எண்ணி வைக்கவேண்டும். நூறு காசு தரவேண்டிய இடத்தில் ஒரு காசு வைத்தாலும் அவள் நன்றி கூறி அனுப்பிவிடுவாள். காவலர் வரமாட்டார்கள், எச்சரிக்கை மணி ஒலிக்காது. ஆனால் ஆட்டம் அதைத் தன்னுள்ளே குறித்துக்கொள்கிறது. தெருவில் இரப்போனுக்குக் காசு கொடுத்தால் அதுவும் குறிக்கப்படுகிறது. மருத்துவ மனையில், தன் உடல்வலிமை குறையும் என்று அறிந்தே குருதி கொடுத்தால் அதுவும் குறிக்கப்படுகிறது. இக்கணக்குத் திரையில் எங்கும் தெரிவதில்லை என்பதே இதன் சிறப்பு. அரண்மனையிலுள்ள ஹாக்விண்ட் என்னும் ஞானியிடம் வலியச் சென்று கேட்டால், "இக்குணத்தில் நீ பின்தங்கியிருக்கிறாய்" என்பதுபோன்ற குறிப்பு மட்டுமே கிடைக்கும். ஆன்ம சோதனை என்று நம் பாட்டனார் காலத்தில் இரவுச் செபத்தோடு செய்துவந்த பழக்கத்தை, ஒரு கணிப்பொறி ஆட்டத்தில் காண்பது வியப்பன்றோ?

எட்டாவது ஊரைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதன் பெயர் மஜின்சியா. ஒருகாலத்தில் செருக்கால் நிமிர்ந்து நின்று, அச்செருக்காலேயே அழிந்த ஊர் அது. இடிந்த சுவர்களிடையே ஆவிகளும் பாம்புகளுமே உலவுகின்றன. தாழ்ச்சி என்னும் குணத்திற்கு உரிய ஊராக இந்தப் பாழிடத்தையே கேரியட் வைத்தார். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு குறிசொல்லி கேள்விகள் கேட்பாள். ஒவ்வொன்றிலும் இரண்டு நற்குணங்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். இறுதிவரை தாழ்ச்சியையே தெரிந்துகொண்டவனுக்கு என்ன பரிசு? வாள் இல்லை, மந்திரம் இல்லை. ஆட்டிடையன் என்னும் பட்டமும், மஜின்சியாவின் இடிபாட்டருகே தன்னந்தனியே தொடங்கும் பயணமும் கிடைக்கின்றன. எட்டு வழிகளுள் மிகக் கடினமானது இதுவே. குறிசொல்லியும் மந்திரமும் நம் வழிக்கு ஒவ்வாதவைதாம். அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் தாழ்ச்சியைத் தெரிந்துகொண்டவனை இடையனாக்கிப் பாழூரில் நிறுத்திய மனிதர் ஏதோ ஒன்றை நன்றாக உணர்ந்திருந்தார் என்றே நமக்குப் படுகிறது.

ஊர் ஒன்று நினைவில் நிற்க, அதை இழக்க நேர்வதும் ஒரு காரணமாகலாம். 1997இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டஸி 7' ஆட்டத்தில் மிட்கார் என்னும் மாநகரம் வருகிறது. வட்டமான இரும்புத் தளத்தின் மேலே வசதி படைத்தோர் வாழ்கின்றனர். அத்தளத்தின் அடியில், சூரியனைக் காணாத சேரிகளில் ஏழையர் வாழ்கின்றனர். நகரைச் சுற்றியுள்ள எட்டு உலைகள் நிலத்தின் உயிராற்றலையே உறிஞ்சி மின்சாரமாக்குகின்றன. நடுவே ஷின்ரா என்னும் நிறுவனத்தின் எழுபது மாடிக் கட்டடம். பூமியின் ஓலத்தையும் ஏழைகளின் ஓலத்தையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் எழுதியபோது, இவ்வாட்டத்தை ஆடிய இளைஞர் பலருக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

அச்சேரியில் கூரை உடைந்த ஒரு பழைய கோயில் உண்டு. பலகைத்தளம் பெயர்ந்து மண் தெரியும் இடத்தில், ஏரிஸ் என்னும் இளம்பெண் பூச்செடிகளைப் பேணுகிறாள். புல்லும் முளையாத அந்நகரில் அங்கே பூ மலர்கிறது. பின்னர், சில கலகக்காரரை ஒழிப்பதற்காக ஏழாம் பகுதியின் மேல்தளத்தையே ஷின்ரா நிறுவனம் கீழே வீழ்த்தி, அடியிலிருந்த சேரி முழுவதையும் நசுக்கிவிட்டு, பழியை அக்கலகக்காரர்மேலேயே சுமத்துகிறது. சில மணி நேரத்துக்கு முன் ஆடுபவர் தாமே நடந்த தெருவும், பேசிய மனிதரும் அங்கே இருந்தனர். இனி அங்கே செல்ல வழியில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. போலந்து நாட்டினர் 2015இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' ஆட்டத்தின் நோவிகிராட் நகரம் மிக அழகியதென்று புகழ்பெற்றது. ஆனால் குருதியும் காமமும் மலிந்த அவ்வாட்டம் 18 வயது நிரம்பியோருக்கே உரியதென ஐரோப்பியத் தரமுத்திரை பெற்றது. அட்டைப் படத்தைக் கண்டு மயங்கிப் பள்ளிச் சிறுவனுக்கு வாங்கிக் கொடுத்துவிடவேண்டாம். அந்நகரில் நித்திய நெருப்பு என்னும் சமயத்தார் மாற்றாரைச் சதுக்கத்தில் வைத்து எரிக்கிறார்கள். இது நம்மைக் குத்திக்காட்டுவதாகச் சினங்கொள்ளத் தேவையில்லை. உண்மையைக் காப்பதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காக, 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். வளர்ந்த பிள்ளை இதைப்பற்றிக் கேட்டால் பெற்றோர் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

நாம் அறிந்த இத்தகைய ஊர்களுள் நெஞ்சை மிகுதியும் தொடுவது, மிகச் சிறியதான கிளாக் டவுன். நடுவே மணிக்கூண்டு உயர்ந்து நிற்பதால் அப்பெயர். 2000ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: மஜோராஸ் மாஸ்க்' என்னும் ஆட்டத்தில் அது உள்ளது. இலக்கணம் பார்ப்போர் இதைப் பாத்திரமேற்கும் வகையில் சேர்ப்பதில்லை. நெருங்கிய உறவு என்று கொள்வோம். இன்னும் மூன்று நாளில் வானத்து நிலவு அவ்வூரின்மேல் விழப்போகிறது. ஆட்டத்தின் அம்மூன்று நாட்கள் நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முடியுமுன், லிங்க் என்னும் சிறுவன் தன் குழலில் ஒரு பண்ணை ஊதி, காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, முதல் நாள் விடியலுக்கே மீள்கிறான்.

அந்த மூன்று நாட்களில் ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். ஊரைக் காலி செய்யவேண்டும் என்று காவலர் தலைவரும், திருவிழாவை நடத்தியே தீரவேண்டும் என்று தச்சர் தலைவரும் நகரத்தலைவர்முன் வாதிட்டுக்கொண்டே இருக்கின்றனர். (நம் ஊர்க் கூட்டங்களை அறிந்தவர்களுக்கு இது மிகைப்படுத்தலாகத் தோன்றாது.) நிலவையே வெட்டுவேன் என்று வீரம் பேசிய வாள் ஆசிரியர் கடைசி இரவில் பின்னறையில் ஒடுங்கிக் கிடக்கிறார். அஞ்சல்காரருக்கு ஓடிவிட ஆசை; ஆனால் அவருடைய வேலைநேரப் பட்டியலில் ஓடுவதற்கு இடமில்லையே என்று அழுகிறார். சத்திரத்தை நடத்தும் ஆஞ்சு என்னும் பெண்ணின் சமையல் வாயில் வைக்க முடியாதது. அவளுடைய பாட்டியோ, முன்பே உண்டுவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறாள்.

இந்த ஆஞ்சுவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மணமகன் காஃபேயைக் காணவில்லை. ஒரு தீயசக்தி அவனைச் சிறுவனாக உருமாற்றிவிட்டது; போதாக்குறைக்கு, திருமணத்திற்கென அவன் செய்து வைத்திருந்த முகமூடியை ஒரு திருடன் கவர்ந்துவிட்டான். அவமானத்தால் மறைந்து வாழும் அவனுக்கும் இவளுக்கும் இடையே கடிதம் கொண்டுசென்று, திருடனின் ஒளிவிடத்தைக் கண்டுபிடித்து உதவினால், நிலவு விழச் சற்று நேரமே இருக்கையில் அவன் சத்திரத்து மாடியறைக்கு வந்துசேர்கிறான். இருவரும் மணவாக்கு அளித்துவிட்டு, ஊரை விட்டு ஓடாமல், விடியலை ஒன்றாக எதிர்கொள்ள அங்கேயே தங்கிவிடுகிறார்கள். உதவிய சிறுவனோ குழலை ஊதியாகவேண்டும். ஊதியதும் மீண்டும் முதல் நாள் காலை. ஆஞ்சு பழையபடி மேசைக்குப் பின்னால் கலங்கி நிற்கிறாள். அவளுக்கு இவன் யாரென்றே தெரியாது. செய்த நன்மை செய்தவனைத் தவிர வேறு எவர் நினைவிலும் இல்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற மலைப்பொழிவின் போதனையைப் பிள்ளைகளுக்கு விளக்கத் திணறும் மறைக்கல்வி ஆசிரியர்கள் இக்கதையைக் கருதிப் பார்க்கலாம்.

அஞ்சல்காரர் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் வருவார் என்பதை மனப்பாடமாகச் சொல்லும் சிறுவனுக்கு, அடுத்த வீட்டு ஆத்தாள் பெயர் தெரியாதிருப்பதும் உண்டு. உண்மைதான், அவனைக் குறைசொல்லுமுன், அப்பெயர் நமக்குத் தெரியுமா என்றும் பார்த்துக்கொள்வோம். ஆட்டம் ஆடக் காலவரை வைப்பது பெற்றோரின் கடமை. அதனோடு, நாளுக்குப் பத்து நிமிடம் அருகில் அமர்ந்து, "இப்போது எந்த ஊரில் இருக்கிறாய்? அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பதும் கடினமன்று.

அந்தப் பிள்ளை கிளாக் டவுனில் இருந்தால், கேட்க இன்னொன்றும் உண்டு. முதல் நாள் நள்ளிரவில், ஊரின் வடபுறத்தில், மூட்டை சுமந்து வரும் ஒரு கிழவியை வழிமறித்து அதே திருடன் கொள்ளையிடுகிறான். சிறுவன் நினைத்தால் அவனைத் தடுத்து மூட்டையை மீட்டுத் தரலாம். ஆனால் திருட்டு நடந்து, அப்பொருளை விற்கத் திருடன் கடைக்கு வந்தால்தான் காஃபே அவனைப் பின்தொடர முடியும். கிழவியைக் காத்த சுற்றில் ஆஞ்சுவின் திருமணம் நடைபெறாது. திருமணத்தை நடத்தவேண்டுமானால், கிழவி தரையில் விழுந்து கதறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். நீ என்ன செய்தாய் என்று கேளுங்கள்.