பறிபோனது யாருடைய தொகுதி?

"நம்ம எம்.பி. சீட்டைத் தூக்கி அவங்களுக்குக் கொடுத்துட்டாங்க சார்." மறைமலை நகர் டீக்கடையில், என் சாதி தெரியாமல் ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

2004 தேர்தல் வரை எங்கள் ஊர் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியில் இருந்தது. அது பொதுத்தொகுதி. மறுவரையறைக்குப் பின், 2009 முதல் நாங்கள் காஞ்சிபுரம் தனித்தொகுதி. 2009இல் காங்கிரஸ், 2014இல் அதிமுக, 2019இலும் 2024இலும் திமுக வென்றன. வேட்பாளரை முடிவு செய்தது கட்சித் தலைமை. வாக்களித்தது எல்லாச் சாதியினரும். இதில் அவரிடமிருந்து பறிபோனது என்ன?

பறிகொடுத்தவர்கள் நாங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் நின்று கேட்டது, தலித்துகளே தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை. 1932இல் அது கிடைத்தது. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். பூனா ஒப்பந்தம் வந்தது. மாகாண சட்டமன்றங்களில் இடங்கள் 71இலிருந்து 148 ஆயின, உரிமை போனது. தலித் வாக்காளர்கள் முதலில் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அந்த ஒப்பந்தம் விட்டுவைத்த முதற்கட்டத் தேர்தலும் அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 7 தனித்தொகுதிகள். மீதி 32 'பொது'வாம். 2001 இடைத்தேர்தலில் பொதுத்தொகுதியான திருச்சியில் தலித் எழில்மலையை நிறுத்தியது அதிமுக; அவர் வென்றார். மக்கள் வாக்களிக்கமாட்டார்கள் என்ற சாக்கு அன்றே செத்துவிட்டது.

தோழர்களே, தனித்தொகுதியைச் சுழற்சியில் விடச் சொல்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அடுத்த தேர்தலில் உங்கள் கட்சி எந்தப் பொதுத்தொகுதியில் தலித்தை நிறுத்தப்போகிறது?